ஐம்பத்தேழுக்கு யார் சொல்வது

சிறுநீரகப் பிரிவின் கடைசிக் கோடியில், முன்பு உடைந்த கட்டில்களை அடைத்து வைத்திருந்த அறையைத்தான் ஆய்வு அறையாக்கியிருந்தார்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு இரும்பு அலமாரி, மாதிரிகளை உறைய வைக்கும் ஆளுயர ஃபிரீசர். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அறை ஃபைலக்காவினுடையது. இருபது வருடம் வார்டில் நர்ஸாக ஓடியவள். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். நாற்காலி கிடைத்தது, உட்காரத்தான் நேரம் கிடைக்கவில்லை. எந்நேரமும் நான்கைந்து கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டரும் நோயாளிகளும்தான் இன்னும் சிஸ்டர் என்பார்கள்.

ஆய்வு இதுதான். சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோய்க் கட்டியைச் சுரண்டி எடுத்தாலும் அது திரும்பத் திரும்ப முளைக்கக்கூடியது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சிறுநீர் போகும் வழியாகவே மெல்லிய குழாயில் கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். ஸ்கோப் என்பார்கள். வருடக்கணக்கில் இது தொடரும். புதிதாக வந்திருக்கும் சோதனைக்குக் குழாய் வேண்டாம், ஒரு குப்பிச் சிறுநீர் போதும். கட்டியிலிருந்து உதிரும் செல்களின் மரபணுக் கோளாறை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். அது எத்தனை தரம் சரியாகச் சொல்கிறது, எத்தனை தரம் வீணாகப் பயமுறுத்துகிறது என்று இருநூறு பேரிடம் பார்க்க வேண்டும்.

ஐம்பத்தேழாவதாகச் சேர்ந்தவர் ஃபிரிட்ஜ்காரர். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். அறுபது வயது, அதில் நாற்பது வருடம் புகைத்தவர். கட்டியைச் சுரண்டி எடுத்து, காசநோய்த் தடுப்பூசிக் கிருமியையே மருந்தாகச் சிறுநீர்ப்பைக்குள் ஆறு வாரம் விட்டு, அந்த எரிச்சலையெல்லாம் தாண்டி வந்திருந்தார். ஒப்புதல் படிவத்தை வாங்கி எழுத்து விடாமல் படித்தார். பக்கத்தில் அவர் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சிஸ்டர், கண்டுபிடிச்சாலும் சொல்லமாட்டோம்னு போட்டிருக்கே. அப்புறம் எதுக்குக் கண்டுபிடிக்கிறீங்க?"

ஐம்பத்தாறு பேரிடம் சொன்ன பதிலையே ஃபைலக்கா இவரிடமும் சொன்னாள். "இந்தச் சோதனையையே இப்பத்தான் சோதிச்சுப் பாக்குறோம். அது தப்பாச் சொல்லி, அதை நம்பி உங்களை அறுத்துட்டா? அதான் முடிவு டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஸ்கோப்புல பாக்குறதை வச்சுத்தான் வைத்தியம்."

"யாருக்குத்தான் தெரியும்?"

"லேபுக்கு நம்பரும் முடிவும் தெரியும், ஆள் தெரியாது. எனக்கு ஆளும் நம்பரும் தெரியும், முடிவு தெரியாது."

"நல்லா இருக்கு. எல்லாரும் சேர்ந்தாத்தான் ஒரு முழு ஆள்."

"கையெழுத்தைப் போடுங்க," என்றார் மனைவி. "இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது ஒரு மணி நேரம்."

அவர் போட்டார். "இந்தக் குழாய் ஒழியும்னா சரி. எனக்கு இல்லாட்டியும் வேற எவனுக்காவது ஒழியட்டும்."

கையெழுத்துப் போட்ட அன்று ஸ்கோப்பில் ஒன்றுமில்லை, முதல் குப்பியையும் அன்றே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது சிறுநீர்க் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு நேராக ஃபிரீசரிடம் போனார். கதவில் உள்ளங்கையை வைத்து, நாடி பார்ப்பதுபோல் சற்று நேரம் நின்றார்.

"இது மூச்சு வாங்குது சிஸ்டர்."

"அது எப்பவும் அப்படித்தான் கத்தும்."

"எப்பவும் கத்துனா எப்பவும் சீக்குன்னு அர்த்தம்."

பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். கைப்பிடி அளவு தூசி வந்தது. கதவு ரப்பர் ஒரு மூலையில் தளர்ந்திருந்தது. அதையும் இழுத்துப் பொருத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. அன்றைக்கும் ஸ்கோப்பில் ஒன்றுமில்லை என்று வந்தது. அவரும் மனைவியும் கைவீசிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனதை ஃபைலக்கா பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் பிப்பெட் வந்தாள். ஆய்வகத்தில் சோதனைகளைச் செய்கிறவள் அவள்தான். திரவத்தை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாய்போல ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பதால் அந்தப் பேர். அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

"அக்கா, நம்ம டெஸ்ட் வேலை செய்யுதுக்கா," என்றாள், டப்பாவைத் திறந்துகொண்டே. "ஐம்பத்தேழு இருக்கே, ரெண்டாவது தடவையும் பாசிட்டிவ். முதல் தடவையைவிட ரெண்டு மடங்கு. ஸ்கோப்புல பெருசா மாட்டியிருக்குமே, அந்த ஆளுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா?"

ஃபைலக்காவின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது.

பிப்பெட் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ. நான் சொல்லியிருக்கக் கூடாது, இல்லையா?"

"கூடாது."

"ஸ்கோப்புல ஒண்ணும் இல்லையா?"

"அதை நான் உனக்குச் சொல்லக் கூடாது."

பிப்பெட் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போனாள்.

பெரிய டாக்டர் அறைக்குப் போவதற்கு ஃபைலக்காவுக்கு இரண்டு நாள் பிடித்தது. அன்று காலையிலிருந்து மூன்று அறுவை சிகிச்சை முடித்திருந்தார் அவர். ஷூவைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டிருந்தார். அவளைக் கண்டதும் இறக்கினார்.

"சார், ஒரு நம்பரைப் பத்தி..."

"சொல்லாதீங்க சிஸ்டர்." கையை உயர்த்தினார். "நீங்க சொன்ன நிமிஷம் நான் அந்த ஆளை வேற கண்ணோட பாப்பேன். அதோட ஆய்வு போச்சு. நாலு வருஷ உழைப்பு."

"ஆள் போனா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "இதே மாதிரி இன்னொரு சோதனை வந்துச்சு, நான் படிச்சு முடிச்ச புதுசுல. அதை நம்பி ஒருத்தருக்கு நல்ல சிறுநீரகத்தை எடுத்தோம். வெட்டிப் பாத்தா உள்ள ஒரு மண்ணும் இல்ல. அவர் முகம் எனக்கு இன்னைக்கும் மறக்கல. எனக்கு மட்டும் கல்நெஞ்சுன்னு நினைக்காதீங்க. விதி ஒண்ணு இருக்கு. நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்க. அவங்க முடிவைத் திறக்கச் சொன்னா அன்னைக்கே திறக்கிறேன்."

அன்று மாலை வீட்டில் ஃபைலக்கா காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு வந்த கணவன் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரோரமாகப் படுத்திருந்தான்.

"ஃபோனைப் போட்டு அந்த ஆள்கிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?" என்றான்.

"சொல்லி? எங்க இருக்கு, என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்றது? டாக்டர் தேடலேன்னா யாரு தேடுவா? அப்புறம் சோதனையே பொய்யா இருந்துச்சுன்னா?"

"உண்மையா இருந்தா?"

"அதைத்தானே எழுதிக்கிட்டிருக்கேன்," என்று சீறினாள். பிறகு, சீறியதற்காக, தைலப் புட்டியை அவன் கையிலிருந்து வாங்கி முதுகில் தானே தேய்த்துவிட்டாள்.

குழு மாதம் ஒரு முறை கூடும். முதல் மாதம் போதிய ஆள் வரவில்லை என்று கூட்டம் தள்ளிப்போனது. இரண்டாம் மாதம் அவள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏழு கேள்விகளோடு திருப்பி அனுப்பினார்கள். முடிவு அவளுக்கு எப்படித் தெரியவந்தது என்பது முதல் கேள்வி. நடந்ததை நடந்தபடி எழுதினாள். பிப்பெட்டும் தன் பங்குக்கு எழுதிக் கையெழுத்திட்டாள். அதற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதற்குள் ஃபிரிட்ஜ்காரரின் அடுத்த முறை வந்துவிட்டது. ஸ்கோப் அறையில் துண்டை நீட்டிக்கொண்டு ஃபைலக்கா நின்றாள். திரையில் சிறுநீர்ப்பையின் உட்சுவர் இளஞ்சிவப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் சுற்றிச் சுற்றி ஓடியது. இன்னும் கொஞ்சம் பாருங்கள், இன்னொரு சுற்று பாருங்கள் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. பெரிய டாக்டர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். எந்த நம்பர் என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டதோ என்னவோ. வழக்கத்தைவிட இன்னொரு சுற்று பார்த்தார். ஒன்றுமில்லை.

"சுத்தம்!" ஃபிரிட்ஜ்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆய்வு அறைக்கே வந்துவிட்டார். கையில் பெரிய பிஸ்கட் பாக்கெட். "மூணாவது தடவையும் சுத்தம். எடுத்துக்கோங்க சிஸ்டர். இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க, இளைச்சுட்டீங்க."

அவர் மனைவி சிரித்தார். "போன வாரத்துலேருந்து தூக்கமே இல்லம்மா இவருக்கு. இன்னைக்குத்தான் மனுஷன் மனுஷனா இருக்கார்."

ஃபைலக்கா ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டு மென்றாள். மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. அன்றைய சிறுநீர்க் குப்பியில் ஐம்பத்தேழு என்று எழுதி ஃபிரீசரில் வைத்தாள். அதன் முடிவும் என்னவாக வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நான்காம் மாதம் குழு பதில் அனுப்பியது. தொடர்ந்து இரண்டு முறை பாசிட்டிவ் வந்த எல்லோருடைய முடிவையும் திறக்கலாம், நோயாளிக்கும் மருத்துவருக்கும் சொல்லலாம் என்று அரைப் பக்கம். கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. பத்தரைக்குள் பெரிய டாக்டர் ஃபிரிட்ஜ்காரருக்கு ஃபோன் செய்துவிட்டார், சொன்ன சொல்படி.

நரம்பில் சாயமருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பையில் இல்லவே இல்லை. இடது சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் மெல்லிய குழாயின் மேல்முனையில், ஸ்கோப் எட்டாத இடத்தில் இருந்தது. இன்னும் மெல்லிய குழாயை மேலே அனுப்பி ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். வேகமாக வளரும் ரகம்.

விஷயத்தைச் சொன்ன அன்று நான்கு பேர் இருந்தார்கள்: டாக்டர், ஃபிரிட்ஜ்காரர், அவர் மனைவி, கோப்புகளோடு ஃபைலக்கா. டாக்டர் படம் வரைந்து காட்டினார். இடது சிறுநீரகத்தையும் குழாயையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்கு முன் மூன்று மாதம் கீமோ. அந்த மருந்தைத் தாங்க இரண்டு சிறுநீரகமும் வேண்டும், எடுத்த பிறகு கொடுப்பது சிரமம், அதனால் முன்பே கொடுப்பதுதான் இப்போது நல்லது என்று தெரியவந்திருக்கிறது. சுவரைத் தாண்டி வெளியே போனதுபோல் தெரியவில்லை.

ஃபிரிட்ஜ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு டாக்டரை விட்டுவிட்டு ஃபைலக்காவைப் பார்த்தார்.

"இது எப்ப தெரியும்?"

"போன வாரம்தான் குழு எங்களுக்கு..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அந்தப் பதில் பொய்யில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

"எனக்கு நாலு மாசமாத் தெரியும்," என்றாள் ஃபைலக்கா.

மனைவியின் கை பையின் பிடியை இறுக்கியது. "அன்னைக்கு பிஸ்கட் தின்னியேம்மா," என்றார்.

"சிஸ்டர்," என்றார் ஃபிரிட்ஜ்காரர். குரலை உயர்த்தவில்லை. "ஒரு வீட்டுக்குப் போறேன். கம்ப்ரசர்ல ஒரு சத்தம் கேக்குது. என்னன்னு எனக்கே புரியல. இருந்தாலும், அம்மா, ஒரு சத்தம் கேக்குது, கவனிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் படியிறங்குவேன். நின்னுபோனப்புறம் வந்து சொல்லமாட்டேன்."

எழுதிய கடிதம், தள்ளிப்போன கூட்டம், ஏழு கேள்வி, எல்லாம் ஃபைலக்காவுக்கு நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"ஆய்விலிருந்து விலகுறதுக்கு ஒரு தாள் இருக்குன்னு அன்னைக்குச் சொன்னீங்க. கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தாள். இந்த முறை அவர் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

கீமோ அறை ஒரு மாடி மேலே. அவள் அங்கே போக வேண்டிய வேலை இல்லை, ஆனாலும் வியாழக்கிழமைகளில் போனாள். முதல் இரண்டு முறை அவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது முறை திருப்பவில்லை, திருப்பத் தெம்பில்லை. முடி கொட்டி, உதடு வெடித்து, ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார். ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்தாள். வைக்க விட்டார். அவர் மனைவி நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "முழங்காலோட எவ்வளவு நேரம் நிப்பே, உக்காரு," என்றார். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி குழாயின் சுவரோடு நின்றிருந்தது. மருந்தில் பாதிக்குமேல் கரைந்தும் போயிருந்தது. நிணநீர்க் கணுக்களில் எதுவும் இல்லை. பெரிய டாக்டர் அறிக்கையை ஃபைலக்காவின் மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார். "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா தாண்டியிருக்கும்," என்றார். அதற்கு முன்பே நான்கு மாதம் எப்படிப் போயிற்று என்பதை இருவருமே பேசவில்லை.

ஆனால் திறக்கப்பட்டது ஐம்பத்தேழு மட்டுமில்லை. இரண்டு முறை பாசிட்டிவ் வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஐந்து பேருக்கு எங்காவது ஏதாவது கிடைத்தது. மீதி நான்கு பேருக்கு ஸ்கோப், ஸ்கேன், மறுபடி ஸ்கேன் என்று எதைச் செய்தும் ஒன்றும் அகப்படவில்லை. சோதனை தப்பா, நோய் ஒளிந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த நான்கில் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். திங்கட்கிழமை தோறும் ஒன்பது மணிக்கு ஃபோன் செய்வார்.

"இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, அறுத்துக்கிறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க, தூங்குறேன். இது என்ன கணக்கு, விடையே இல்லாம?"

"இன்னும் மூணு மாசம் பாக்கலாம் டீச்சர்."

"நான் கேக்காமலேயே ஏன் சொன்னீங்க?"

ஒவ்வொரு திங்களும் அந்தக் கேள்விக்கு வந்ததும் ஃபைலக்கா பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

ஒரு வருடம் ஓடியது. ஆய்வு முடிந்து முடிவுகள் வெளியாயின. சோதனை பல கட்டிகளை முன்கூட்டியே காட்டியது. பலரை வீணாகவும் பயமுறுத்தியது. ஸ்கோப்பை அடியோடு நிறுத்த முடியாது, அபாயம் குறைந்தவர்களுக்கு இடைவெளியை நீட்டிப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். அதை நீட்டிப் பார்ப்பதற்கு இன்னோர் ஆய்வு. இன்னும் முந்நூறு பேர். புதிய ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்திருந்தது: இரண்டு முறை பாசிட்டிவ் வந்தால் உடனே சொல்ல வேண்டுமா, வேண்டாமா, நீங்களே குறியுங்கள் என்று.

ஒரு புதன்கிழமை காலை ஸ்கோப் அறை வாசலில் பெஞ்சு நிறைந்திருந்தது. ஃபிரிட்ஜ்காரர் மனைவியோடு வந்திருந்தார். ஒரு சிறுநீரகம் போனாலும் பை இருக்கிறதே, ஸ்கோப் தொடரத்தான் வேண்டும். முடி நரைத்து முளைத்திருந்தது. பக்கத்தில் கணக்கு டீச்சர். ஃபைலக்கா படிவங்களோடு வெளியே வந்தபோது இருவரும் ஏற்கெனவே பேச்சில் இறங்கியிருந்தார்கள்.

"உங்களுக்காவது அறுத்தெடுத்தாங்க," என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "என்னைப் பாருங்க. இருக்கோ இல்லையோன்னே ஒரு வருஷம். எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"நாலு மாசம் சொல்லாம வச்சிருந்தாங்க என்னை. அது தெரிஞ்சா இப்படிப் பேசமாட்டீங்க."

"அந்த நாலு மாசமும் நிம்மதியாத்தானே இருந்தீங்க?"

ஃபிரிட்ஜ்காரர், மனைவி பக்கம் திரும்பினார். அவர் மனைவி, "இருந்தார்," என்றார். "சொன்னா என்ன? நல்லாத் தூங்கினார்."

"உள்ள அது வளர்ந்துக்கிட்டிருந்துச்சுடி."

"நான் இல்லேன்னா சொன்னேன்?"

டீச்சர் ஃபைலக்காவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர். எது சரி?"

ஃபைலக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியல டீச்சர்," என்றாள். "இவர்கிட்ட சொல்லாம இருந்தப்பவும் எனக்குத் தூக்கமில்ல. உங்ககிட்ட சொன்னப்புறமும் தூக்கமில்ல."

ஃபிரிட்ஜ்காரர் அவள் மடியிலிருந்து ஒரு படிவத்தை உருவிக் கண்ணுக்குக் கிட்டே, எட்டே என்று பிடித்துப் பார்த்தார். புதிய கேள்வியில் விரலை வைத்தார்.

"இது நான் போட்ட சண்டையில வந்ததா?"

"நீங்க, டீச்சர், ரெண்டு பேரும்தான்."

"எழுத்து பொடிப்பொடியா இருக்கு. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கொஞ்சம் பெருசாப் போடக் கூடாதா?" படிவத்தை டீச்சரிடம் நீட்டினார். "நீங்க என்ன குறிப்பீங்க?"

"வேண்டாம்னு," என்றார் டீச்சர் உடனே. பிறகு யோசித்தார். "தெரியல. பேனாவைக் கையில எடுத்தாத்தான் தெரியும்."

"நான் எதையும் குறிக்கப் போறதில்ல சிஸ்டர். எனக்கு இந்த ஆய்வெல்லாம் போதும்."

"சரிங்க," என்றாள் ஃபைலக்கா.

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர், இடது விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"முடிஞ்சதும் சுத்தம்னு சொல்லுவாங்க," என்றார் ஃபைலக்காவிடம். "இப்பல்லாம் அதை முழுசா நம்புறதில்ல."

"நானும்தான்."

"நீங்களாவது நம்புங்க. சம்பளம் வாங்குறீங்கல்ல." முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்ப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

டீச்சர் பேனாவைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து, படிவத்தின் மேல் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ்காரரின் மனைவி பையைத் துழாவி ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தார். பாதியை டீச்சருக்கும் பாதியை ஃபைலக்காவுக்கும் கொடுத்தார். ஃபைலக்கா சுளையை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த கோப்பைப் பிரித்தாள்.